மைனஸ் இரண்டு புள்ளி நான்கு

எங்கள் கம்பெனியில் ஏசி இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். மேனேஜர் தலைக்கு மேலேகூட ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டரைப் பார்க்க வரவில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. சித்திரை, வைகாசி வந்தால் போதும், ஸ்டோர்ஸ்காரருக்கும் டைம் ஆபீஸ்காரருக்கும் ஏதாவது ஒரு கணக்கில் சந்தேகம் வந்துவிடும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது தமிழ்ல அடிக்குமாம்மா?" என்று கேட்பார்கள். அடிக்காது என்பேன். அதற்குள் வேர்வை அடங்கியிருக்கும். போய்விடுவார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் நெல்வயல், நடுநடுவே ஒன்றிரண்டு கம்பெனிகளின் மதில்சுவர். எங்கள் கம்பெனியில் பம்புசெட்டுக்கு வேண்டிய இரும்புப் பாகங்கள் செய்தார்கள். நான் தாம்பரத்தில் கணக்கு எடுத்து பி.எஸ்ஸி. படித்துவிட்டு, அங்கேயே ஒரு துணிக்கடை மாடியில் பேஸிக் என்ற கம்ப்யூட்டர் மொழியும் படித்தவள். படப்பையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆர்டரில் என் வேலைக்கு ஆபரேட்டர் என்று போட்டிருந்தது. ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் என்னை புரோகிராமர் என்று கூப்பிடுவார்கள்.

மானிட்டரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வருஷம் முழுக்க அப்படியே இருக்கும். நான் வேதக்காரப் பெண், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடு. அதைத் துடைத்தால் சாமியைத் துடைத்துவிட்டாள் என்பார்கள், துடைக்காவிட்டால் அம்மா வாயில் விழவேண்டும். அம்மா கம்பெனிக்கு வரப்போவதில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

அதே கம்பெனியில் என் தம்பியும் இருந்தான். ஐடிஐ முடித்தவன், லேத் மெஷினில் ஷாஃப்ட், அதாவது பம்புக்குள் சுற்றுகிற இரும்புத் தண்டு, கடைகிற வேலை. ஆனால் டெம்பரரி. அந்தக் காலத்தில் டெம்பரரி ஆட்களை ஒரு கெடுவுக்கு எடுப்பார்கள். கெடு முடிந்தால் ஒன்று பெர்மனென்ட் ஆக்கவேண்டும், இல்லையென்றால் கணக்கு முடித்து அனுப்பவேண்டும். அனுப்புவதுதான் வழக்கம். அம்பத்தூரில் ஒரு கம்பெனி, கிண்டியில் ஒரு கம்பெனி என்று அவனை ஏற்கெனவே அப்படி அனுப்பியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டிலும், "பெர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று பிடி கொடுக்காமல் இருந்தார்கள். அவன் அதைச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. தாங்க முடியாததை எல்லாம் சிரித்தே தள்ளிவிடுகிற பிள்ளை அவன்.

அந்த வருஷம் மெஷின் ஷாப்பில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. கெடு முடியப்போகிற டெம்பரரி ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் என் தம்பி. இன்னொருவர் போரிங் மெஷினில், அதாவது இரும்பு வார்ப்புக்குள் வட்டமாக ஓட்டை குடைகிற மெஷினில் இருந்தார். வல்லத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், சைக்கிளில் வருவார். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. அதிகம் பேசமாட்டார். கேன்டீனில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஒரே இடத்துக்குப் போட்டி என்று தெரிந்த பிறகும் தம்பி அவர் டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டை எடுப்பதை நிறுத்தவில்லை.

யாரை எடுப்பது என்று முடிவு செய்யவேண்டியவர் மேனேஜர். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார். கட்சிக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள், யூனியன்காரர்கள் சொன்னார்கள், எங்கள் பங்குச் சாமியாரே தம்பிக்காக ஒருமுறை போன் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "நான் ஒண்ணும் பண்ணப் போறதில்லைங்க. எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும்."

கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லும் என்பதற்கு அவர் வைத்த வழி இது. செய்கிற ஒவ்வொரு பாகத்தையும் இன்ஸ்பெக்‌ஷனில் அளக்கிறார்கள். அளக்கிற கருவியின் டயலில் ஒரு முள் இருக்கும். வரைபடத்தில் இருக்கிற அளவுக்குச் சரியாக இருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும். கூடுதலாக இருந்தால் வலது பக்கம் போகும், அது ப்ளஸ். குறைவாக இருந்தால் இடது பக்கம், அது மைனஸ். எத்தனை கோடு தள்ளிப்போகிறதோ அதை எழுதுவார்கள். இரண்டு கோட்டுக்கும் மூன்று கோட்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டு புள்ளி நான்கு, இரண்டு புள்ளி ஏழு என்று குத்துமதிப்பாகப் போடுவார்கள். அதை எல்லாம் நான் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். ப்ளஸ்ஸோ மைனஸோ, எவ்வளவு தள்ளிப்போனது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அது சராசரி போடும். யாருடைய சராசரி குறைவோ அவனுக்கு வேலை.

புரோகிராமை எழுதினது நான் இல்லை. சென்னையிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து எழுதிவிட்டுப் போனார். போகும்போது, "மெமரியை ரொம்ப சிக்கனமா வெச்சிருக்கேன்" என்று சொன்னார். அப்போது அது பெருமையான விஷயம்தான். அந்தக் கம்ப்யூட்டரின் மொத்த நினைவில் இன்றைக்கு ஒரு போட்டோவைக்கூட வைக்க முடியாது. கம்ப்யூட்டருக்கு எண் என்றால் எல்லாம் ஒன்றல்ல. நான் கீபோர்டில் தட்டுகிற 2.4 அதற்கு வெறும் எழுத்து. ஒரு இரண்டு, ஒரு புள்ளி, ஒரு நான்கு, அவ்வளவுதான். அதை வைத்துக் கூட்ட முடியாது. அதை எண்ணாக மாற்றச் சொல்லி ஒரு கட்டளை கொடுக்கவேண்டும். மாற்றினால் புள்ளி வைத்த எண்ணாக வரும், அது நினைவில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். முழு எண் என்றால் அதில் பாதி இடம் போதும். அதனால் டை கட்டினவர் எல்லா அளவையும் இன்னொரு தரம் முழு எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கணக்குப் போட்டிருந்தார். அப்படி மாற்றுகிற கட்டளைக்கு இன்ட் என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும் என்றுதான் துணிக்கடை மாடியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு புள்ளி நான்கு இரண்டாகிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டினால் யாருக்கும் அநியாயம் இல்லை என்று நானும் நினைத்தேன்.

வீட்டில் அம்மா தினமும் ஒரே பாட்டு. "அந்தப் பொட்டிகிட்ட தம்பிக்கு ஒரு வார்த்த சொல்லி வையேண்டி."

"அது கிட்ட எல்லாம் சொல்ல முடியாதும்மா. போடறத போட்டா வர்றது வரும்."

"நீதானே போடற."

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். கோபம் வரும். அம்மா என்னைத் திருடச் சொல்லவில்லை, அவள் பாஷையில் அது திருட்டே இல்லை என்று தெரியும். தெரிந்தும் கோபம் வரும்.

கெடு முடிய கொஞ்ச நாள் இருக்கும்போது மேனேஜர் ஒரு பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தேன். தம்பி ஒன்றரைக்குப் பக்கத்தில் இருந்தான். வல்லத்துக்காரர் இரண்டரைக்குப் பக்கத்தில். ஒரு முழுக் கோடு வித்தியாசம். மேனேஜர் முகத்தில் நிம்மதியைப் பார்க்கவேண்டுமே. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. "ஃபைனல் பிரிண்ட்டை திங்கக்கிழமை குடுத்துடும்மா" என்றார். அவன் என் தம்பி என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. படப்பை வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததாக ஞாபகம் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய் பூசை பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். பிரிண்ட்டைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. எதிராளி எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்கிற ஒரு அல்ப ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த போரிங் மெஷின் ஆளு இருக்காரே, அவருக்கு வேலை அவ்வளவா வராதோ?" என்றேன்.

தம்பி முள்ளை எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். "யாரு, வல்லத்துக்காரனா? இன்னாக்கா இப்படி கேக்குற. செம வேலக்காரன் அவன்."

"அப்புறம் ஏன் அவரு அளவெல்லாம் மைனஸ்லயே இருக்கு? ஒண்ணுகூட ப்ளஸ் பக்கம் வரல."

அவன் சிரித்தான். அக்காவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்ற குஷி. "மைனஸ்லதான்க்கா இருக்கணும். அவன் ஓட்ட போடறவன். சின்னதா போட்டா இன்னொரு தபா சீவி பெருசாக்கிக்கலாம். பெருசா போட்டுட்டா இன்னா பண்ணுவ, கோந்து வெச்சி இரும்ப ஒட்டுவியா? அத்தோட ஸ்கிராப்புதான்."

"உனக்கு எல்லாம் ப்ளஸ்ல இருக்கே?"

"நான் ஷாஃப்ட் கடையறவன். எனக்கு தடியா இருந்தா மறுபடி கடஞ்சி மெலிசாக்கலாம். மெலிசாயிட்ச்சின்னா போச்சு. அதனால நான் ப்ளஸ்ல வெப்பேன், அவன் மைனஸ்ல வெப்பான். ரெண்டு பேரும் ஒரே வேலதான் பண்றோம். இரும்ப கொஞ்சம் மிச்சம் வெக்கறோம். டெய்லர் பேன்ட்டு காலாண்ட துணி மடிச்சி வுடறான் பாரு, அந்த மாரி." கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, "என்ன விட நல்லாவே வெப்பான் அவன்" என்றான்.

அம்மா, "பேச்சப் பாரு, அவனுக்கே வேலைய குடுக்கச் சொல்லிட்டு வா" என்று அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அவன் அதற்கும் சிரித்தான்.

என்னால் அந்தப் பேச்சை விட முடியவில்லை. அவன் வேலையில் கெட்டி, விளையாட்டுக்குக்கூடத் தொழிலைப் பற்றிப் பொய் சொல்லமாட்டான். தன்னைவிட நன்றாகச் செய்கிறவன் என்று அவனே சொல்கிற ஆள், அவனைவிட ஒரு முழுக் கோடு மோசமாக எப்படி வருவார்? இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. ஒருவன் ப்ளஸ் பக்கம், இன்னொருவர் மைனஸ் பக்கம். வித்தியாசம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் போய் கம்ப்யூட்டரைப் போட்டதும், அளவுகளை மாற்றுகிற ஒரே கட்டளையான இன்ட்டைப் பற்றி முதல் வேலையாக அதனிடம் கேட்டேன். இரண்டு புள்ளி நான்குக்கு இன்ட் என்ன? இரண்டு என்றது. மைனஸ் இரண்டு புள்ளி நான்குக்கு இன்ட் என்ன? மைனஸ் மூன்று என்றது.

நான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி தட்டினேன். மைனஸ் மூன்று.

டிராயரில் தடியான ஒரு ஆங்கிலக் கையேடு இருந்தது. அதைப் பிரித்துப் படித்தேன். இன்ட் என்ற கட்டளை புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டுவதில்லை. எப்போதும் அடுத்த கீழ்ப்படிக்கு இறங்கும். ஏரிக்கரையில் படிக்கட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைதான் பூஜ்யம். கரைக்கு மேலே கோயிலுக்குப் போகிற படிகள், கரைக்குக் கீழே தண்ணீருக்குப் போகிற படிகள். இரண்டு படிக்கு நடுவில் யார் நின்றாலும் இன்ட் அவர்களைக் கீழ்ப்படிக்கு இறக்கிவிடும். மேலே நிற்கிறவன் ஒரு படி இறங்கினால் கரைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறான். கீழே நிற்கிறவன் இறங்கினால் இன்னும் தண்ணீருக்குள் போகிறான். தம்பி இரண்டு புள்ளி நான்கு தள்ளிப்போனால் இரண்டு என்று எழுதிக்கொண்டது. வல்லத்துக்காரர் அதே இரண்டு புள்ளி நான்கு தள்ளிப்போனால் மூன்று என்று எழுதிக்கொண்டது. ஒவ்வொரு பாகத்துக்கும் இப்படி. எத்தனை மாதமாகவோ இப்படி. இவர் ஜாக்கிரதையாக மைனஸ் பக்கம் வைக்க வைக்க, அது இவரைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

டை கட்டினவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ப்ளஸ் எண்களை மட்டும் போட்டுப் பார்த்துச் சோதித்திருப்பார். சரியாக வந்திருக்கும், கிளம்பியிருப்பார். போரிங்கில் வேலை செய்கிறவன் மைனஸில்தான் வைப்பான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கே முந்தின நாள் மீன் குழம்பு சாப்பிடும்போதுதான் தெரியும்.

அதே கையேட்டில் அடுத்த பக்கத்தில் ஃபிக்ஸ் என்று இன்னொரு கட்டளை இருந்தது. அதுதான் உண்மையிலேயே வெட்டும். ப்ளஸ்ஸோ மைனஸோ, புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். ஃபிளாப்பியில் நான் ஏற்றின அளவுகள் எல்லாம் எழுத்தாக அப்படியே இருந்தன. புரோகிராமில் ஒரு வரியில், ஆங்கிலத்தில் மூன்று எழுத்தை எடுத்துவிட்டு வேறு மூன்று எழுத்தைப் போட்டேன். ஓடவிட்டேன். தம்பி இருந்த இடத்திலேயே இருந்தான், ஒன்றரைக்குப் பக்கத்தில். ஒரு துளிகூட மாறவில்லை. வல்லத்துக்காரர் இரண்டரையிலிருந்து இறங்கி வந்து தம்பியையும் தாண்டிப்போய்விட்டார். கொஞ்சம்தான் தாண்டினார். சந்தேகத்துக்கு, வெட்டாமல் புள்ளியோடும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இடம் போதாது என்று தகராறு செய்ததால் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டேன். இரண்டு பேருக்கும் சராசரி கூடியது, ஆனால் முடிவு அதேதான். தம்பி சொன்னது சரி. அவனைவிட அவர் கொஞ்சம் நன்றாகவே வைத்திருந்தார்.

ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. மேனேஜர் முதல் பிரிண்ட்டைப் பார்த்துவிட்டார், அவருக்குத் திருப்தி. டை கட்டினவர் திரும்பி வரப்போவதில்லை. வல்லத்துக்காரருக்குத் தெரிய வழியே இல்லை, கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் தம்பிக்கு வேலை, கல்யாணம், அம்மாவுக்கு நிம்மதி. நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. ஃபிளாப்பியை எடுத்து உறையில் போட்டால் முடிந்தது.

நான் பெரிய நியாயவாதி என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்தால் நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆனால் இது கணக்கு. தப்பு என்று தெரிந்த ஒரு கணக்கை என் கையால் அச்சடித்து, இதுதான் சரி என்று கொடுக்க எனக்கு வரவில்லை. அது நல்ல குணமா, பிடிவாதமா, எனக்குத் தெரியாது. அம்மா பிடிவாதம் என்றுதான் சொல்வாள். வீட்டுக்குப் போய் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று பயந்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே மேனேஜரிடம் போய்விட்டேன்.

அவர் இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏரிக்கரைப் படிக்கட்டை ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். புரிந்தது அவருக்கு, பொறியியல் படித்தவர்தான்.

"மூணு எழுத்தை மாத்தினா ஆளே மாறிடறானா?"

"ஆமா சார்."

"அந்த லேத் பையன் உங்க தம்பிதானேம்மா?"

"ஆமா சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "முதல் பிரிண்ட்டை நான் ஃபோர்மேன்கிட்ட காட்டிட்டேன். இப்ப மாத்தினா எல்லாரும் கேப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விட்டுடலாமே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

நல்ல மனுஷர் என்று முன்னால் சொன்னேனே, அந்த நல்லதனத்தில்தான் இதையும் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தானே ஒரு முடிவு எடுக்கப் பயந்து மெஷின் தலையில் போட்டார். மெஷின் தப்பு என்று தெரிந்ததும் அதை என் தலையில் போடுகிறார். இப்போது நான் தலையாட்டினால் நாளைக்கு, அக்காவே கணக்குப் போட்டுத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்றாகும். தலையாட்டாவிட்டால் வீட்டில் நான் மனுஷியே இல்லை.

"வல்லத்து ஆளுக்கு நஷ்டம் சார்" என்றேன்.

அவர் இரண்டாவது பிரிண்ட்டில் கையெழுத்துப் போட்டார். முதல் பிரிண்ட்டை நானே கிழித்தேன்.

தம்பியிடம் நான்தான் சொல்லவேண்டும், வேறு யாரும் சொல்லக்கூடாது என்று ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு கேட் பக்கத்தில் போய் நின்றேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மீன் குழம்பு சாப்பிடும்போது அவன் சொன்னதிலிருந்துதான் கண்டுபிடித்தேன் என்பதையும் சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைக்க மனசு வரவில்லை. அவன் சிரிக்கவில்லை. பஸ் வந்தது. ஏறினோம். அவன் முன்பக்கம் போய் நின்றுகொண்டான், நான் பின்னால். படப்பையில் இறங்கினதும் எனக்காக நிற்காமல் நடந்தான்.

அம்மா என்னோடு பேச்சை விட்டுவிட்டாள். சோறு போடுவாள், பேசமாட்டாள். ஒருநாள் மட்டும், "ஊரான் புள்ளைக்கு அக்காவா இருந்துட்டு வந்திருக்கா" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நான் முகத்தைக் கழுவுகிற மாதிரி கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

வல்லத்துக்காரருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவர் லட்டு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டாக வந்தார். என் அறை வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "கம்ப்யூட்டர் புண்ணியத்துல வேல கெட்ச்சிதும்மா" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. தம்பி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. லட்டை வாங்கிக்கொண்டேன், சாப்பிட முடியவில்லை.

தம்பியின் கடைசி நாளன்று மத்தியானம் அவன் என் அறைக்கு வந்தான். அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. அக்கா இருக்கிற இடம் என்று கூச்சம். வாசலில் செருப்பை விட்டான், கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"எங்க, அத காட்டு" என்றான்.

"எதைடா?"

"அந்த மைனஸ்."

நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்கார வைத்தேன். எப்படித் தட்டவேண்டும் என்று சொன்னேன். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினான். இரண்டு புள்ளி நான்கு போட்டான், இரண்டு வந்தது. மைனஸ் போட்டான், மைனஸ் மூன்று வந்தது. பிறகு ஃபிக்ஸ் போட்டுப் பார்த்தான், மைனஸ் இரண்டு வந்தது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது, என்னைப்போல் கையேடு தேடவில்லை.

"என்னுது ரெண்டுலயும் ரெண்டுதான் வருது" என்றான்.

"ஆமா. உன் கணக்கு மாறவே இல்லை."

"எனக்கு ஒண்ணும் மாறல. நான் நின்ன எடத்துலயேதான் நிக்கறேன். அப்பறம் எப்படிக்கா நான் வெளிய போறேன்?"

அதற்கு ஒரு சரியான பதில் இருக்கிறது. அவர் ஏறி வந்துவிட்டார், அவர் இருக்கவேண்டிய இடம் அதுதான் என்று சொல்லலாம். பேப்பரில் போட்டுக்கூடக் காட்டலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அவனும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஏசி காற்று வருகிற பக்கம் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "நல்லா ஜில்லுனு கீது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் ஒன்றும் வீணாகப் போய்விடவில்லை. இன்னும் இரண்டு மூன்று கம்பெனி பார்த்தான், பிறகு குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் நிலையாக உட்கார்ந்தான். அந்தப் பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். இவனுக்கு வேறு பெண் அமைந்தது, நல்ல பெண். அம்மாவும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். வல்லத்துக்காரர் வீட்டு விசேஷம் எதையும் தம்பி விட்டதில்லை, இவன் கல்யாணத்துக்கு அவர்தான் முன்னால் நின்று பந்தி விசாரித்தார். என்னோடும் தம்பி பேசுவான், கிண்டல் செய்வான், பண்டிகைக்கு வருவான். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே தெரு. அவன் மகள் கணக்கில் திணறுகிறாள் என்று தெரிந்தது, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று இருந்தேன். அவன் அவளைத் தாம்பரத்தில் ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டான். சின்னப் பிள்ளை, பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அவன் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டே விட்டேன்.

"இன்னும் என்மேல கோவமாடா உனக்கு?"

"சேச்சே. கோவம்லாம் எப்பவோ போய்ட்ச்சிக்கா. நீ பண்ணது கரெக்டு. நானே நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லிகினு இருக்கேன்."

"அப்புறம் ஏன்டா பாப்பாவ என்கிட்ட அனுப்ப மாட்டேங்கற?"

சிரிப்பை வரவழைக்கப் பார்த்தான், வரவில்லை.

"நாளைக்கே அந்த மாரி இன்னொரு தபா வந்தாலும் நீ அதேதானே பண்ணுவ?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

"அதான்க்கா" என்றான்.